வேலையை விடாமல் மேலே போகும் வழி
அனுபவச் செவிலியருக்கான உயர்நிலைப் பணிப்பயிற்சி குறித்து

(மறைமலை நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட அச்சு வடிவம்)



மறைமலையடிகளை நாம் தனித்தமிழுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். மக்கள் நூறாண்டு வாழ்வது பற்றி ஒரு நூல் எழுதியவரும் அவரே. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை நடத்திய நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவரிடம் இருந்த புலமையைச் சோதித்துப் பார்த்து ஒரு கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. உடல்நலத்தைப் பற்றியும், வேலையில் தேறிய திறமைக்கு நாம் தரும் இடத்தைப் பற்றியும் அவர் பெயர் தாங்கிய ஊரில் பேசுவது பொருத்தம்தான்.

இந்த வட்டாரத்தில் அப்ரண்டிஸ் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஃபிட்டரும் வெல்டரும் கரும்பலகை முன்னால் உருவாவதில்லை, மெஷின் பக்கத்தில் மூத்த தொழிலாளியோடு நின்றால்தான் உருவாவார்கள் என்பதை இங்கே எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஐ.சி.யு.வில் வேலை பார்த்த செவிலியர் அடுத்த படிக்குப் போக ஆசைப்பட்டால் அவரிடம் என்ன சொல்கிறோம்? வேலையை விடு, கல்லூரிக்குப் போ, எம்.எஸ்சி. முடி, ஆசிரியை ஆகலாம் என்கிறோம். நோயாளியின் படுக்கைக்கு அருகே நன்றாக வேலை செய்தவரைப் படிக்கவைத்து, அந்தப் படுக்கையிலிருந்தே விலக்கிவிடுகிறோம். படிக்காமல் இருந்தால் முப்பது ஆண்டும் அதே வேலை. பணிமூப்பால் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆனாலோ, நோயாளிக்குப் பதில் ரெஜிஸ்டர் கைக்கு வருகிறது.

இன்று நான் முன்வைக்கும் வாதம் ஒன்றே ஒன்று. அனுபவமுள்ளவரை உயர்நிலைப் பணிக்குத் தயாரிக்க நான்கு வேண்டும்: சம்பளத்தோடு கூடிய பணியிடம், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர், கைத்திறனையும் முடிவெடுக்கும் திறனையும் சோதிக்கும் தேர்வு, முடித்தபின் சட்டத்தில் எழுதப்பட்ட அதிகாரமும் பதவியும். முதல் மூன்றையும் இந்தியா அங்கங்கே செய்து பார்த்துவிட்டது. நான்காவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது. அது இல்லாதவரை மற்ற மூன்றும் சான்றிதழ் அளவிலேயே நின்றுவிடும். இதை ஏழு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. இரவு ஷிஃப்டில் இருப்பவர் யார்?

ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொன்னது. 1984இல் நடந்த போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் வந்த திருத்தம் அபாயகரமான வேலைகள் நடக்கும் ஆலைகளுக்கு இன்னும் கடுமையான கடமைகளை விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த ஐந்நூறு பேர் விதி தொடர்கிறது. தொழிலாளருக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனையும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்த மருத்துவ அறையைத்தான் நம் ஊரில் ஓ.எச்.சி. என்கிறோம்.

பகலில் அங்கே மருத்துவர் இருப்பார், அல்லது குறிப்பிட்ட நேரம் வந்துபோவார். இரவு இரண்டு மணிக்குப் பல இடங்களில் செவிலியர் ஒருவர்தான். அப்போது கிரைண்டிங் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் இரும்புத் துகள். எந்தச் செவிலியருக்கும் முதலில் கை போவது சலைன் பாட்டிலுக்கு. உயர்நிலைப் பயிற்சி பெற்றவர் கழுவுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: துகள் எப்படித் தெறித்தது? கிரைண்டர் சக்கரத்திலிருந்து வந்தது பெரும்பாலும் கருவிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறித்தது, வேகத்தில் கண்ணுக்கு உள்ளேயே புகுந்திருக்கலாம்; வெளியே காயம் தெரியாமலும் இருக்கலாம். துகள் அப்படி வேகத்தில் தெறித்திருந்தாலோ, கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலோ கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது. கண்ணில் படாதபடி கிண்ணம்போன்ற மூடியை வைத்துக் கட்டி, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ உடனே அனுப்ப வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் கழுவி, ஃப்ளோரசின் தாளை நனைத்துத் தொட்டு, நீல விளக்கில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும். காலை வரை பொறுக்கலாமா என்று அதை வைத்து முடிவு செய்யலாம். இந்த வரிசையில் கேட்டு, பார்த்து, முடிவெடுக்கும் பயிற்சியைத்தான் உயர்நிலைப் பணி என்கிறேன்.

விபத்து மட்டுமல்ல. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனதும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறியலில் முடங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பத்துப் பேர் அடுத்தடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வரும்போது, இது பத்து நோயா, ஒரே சமையலறையிலிருந்து வந்த ஒரே நோயா என்று உடனே கேட்டு, பட்டியல் போட்டு, சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்ல ஒருவர் வேண்டும். தொழிலாளி முதலில் வந்து நிற்பது செவிலியர் முன்னால்தான். ஆகவே அந்த ஒருவரும் அவராகத்தான் இருக்க முடியும்.

2. மருத்துவர்களுக்கு இதை நாம் செய்திருக்கிறோம்

அனுபவமுள்ளவரைப் பணியோடு சேர்த்து மேலே கொண்டுபோகும் எண்ணம் நமக்குப் புதிதில்லை. மருத்துவர்கள் விஷயத்தில் தமிழ்நாடு இதில் முன்னோடி. மாநில ஒதுக்கீட்டுப் பட்ட மேற்படிப்பு இடங்களில் சரிபாதியை அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்குவது இந்த மாநிலத்தின் நீண்ட கால வழக்கம். கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் படித்து வந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நிபுணர் ஆனார். அந்த ஏணியை மருத்துவக் கவுன்சில் விதிகளைக் காட்டி அகற்றப் பார்த்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று, பணியில் உள்ளவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

வேலூர் சி.எம்.சி., ஊர்களில் தொழில் நடத்தும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்காகவே குடும்ப மருத்துவத்தில் தொலைநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. கிளினிக்கை மூட வேண்டாம். பாடம் வீட்டுக்கு வரும், நேர்முகப் பயிற்சிக்குக் குறிப்பிட்ட நாட்களில் போனால் போதும். தேவையில்லாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதைக் குறைத்து, உள்ளூரிலேயே தீர்ப்பதுதான் அதன் நோக்கம். ஆலை மருத்துவர்களுக்கு ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதப் படிப்பு இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அதை நடத்துகிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் அதைப் படித்தால் தொழில்சார் நோய்களைக் கவனிக்கும் தகுதி பெறுகிறார்.

ஒரே ஓ.எச்.சி.யில் பகலில் இருக்கும் மருத்துவருக்கு இப்படியொரு படி உண்டு. இரவில் இருக்கும் செவிலியருக்கு அதற்கு ஈடான படி இல்லை. கொள்கையை ஏற்றுக்கொண்டவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டோம்.

3. செவிலியருக்கு வந்த இரண்டு வாசல்கள்

முழுக்க எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இரண்டாண்டு முதுநிலை ரெசிடென்சியாக வகுத்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பதிவு செய்து, குறைந்தது ஓராண்டு பணி அனுபவம் பெற்றவர் சேரலாம். உடல் இயங்கும் விதம் நோயில் எப்படி மாறுகிறது, மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, உடலை எப்படி முழுமையாகப் பரிசோதிப்பது ஆகிய மூன்றும் அதன் அடித்தளப் பாடங்கள். பெரும்பகுதி நேரம் ஐ.சி.யு.வில்தான். செய்த ஒவ்வொரு திறனுக்கும் லாக் புக்கில் பதிவு உண்டு. வார்டு டாக்டரின் ரெசிடென்சி எப்படியோ அப்படியே இதுவும்.

இரண்டாவது வாசல் பேறுகாலப் பணி. 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அனுபவமுள்ள செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, பன்னாட்டுத் தரத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃப் ஆக்குவது என்று முடிவு செய்தன. அதற்கு ஓராண்டு முன்பே தெலங்கானா அரசு ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து தன் செவிலியருக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதன் தேவை என்ன? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அது பெருமை. அதே கணக்கெடுப்பு, 44.9 விழுக்காடு அறுவை மூலம் நடக்கின்றன என்றும் சொல்கிறது. அது யோசிக்க வேண்டியது. சிக்கலில்லாத தாயின் பக்கத்தில் மணிக்கணக்காக இருந்து, வலியைத் தாங்க உதவி, சிக்கல் வந்தால் உடனே மருத்துவரை அழைக்கும் தேர்ந்த மிட்வைஃப் இருந்தால் அந்த எண் இறங்க இடமுண்டு.

வாசல்கள் திறந்தன. உள்ளே போனவர் எந்த அறைக்குப் போவது என்பதுதான் தீர்மானிக்கப்படவில்லை. தனிப் பதவி வரிசை இல்லாததால் படித்து முடித்தவர் மீண்டும் ஸ்டாஃப் நர்ஸ் பட்டியலிலேயே நிற்க நேரிடுகிறது. இதற்கு ஐந்தாவது குறிப்பில் வருகிறேன்.

4. பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

புதிதாகப் படிப்பவருக்குத் தெரியாததைச் சொல்லித்தர வேண்டும். அனுபவமுள்ளவருக்கு, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததன் காரணத்தைச் சொல்லித்தர வேண்டும். இது கடினமான வேலை.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்குத் திடீரென்று ஆக்சிஜன் அளவு இறங்குகிறது, அலாரம் அடிக்கிறது. பத்து வருட ஐ.சி.யு. சிஸ்டர் சக்ஷன் போடுவார், பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாதபோது என்ன செய்வது? ரெசிடென்சியில் அதற்கு ஒரு வரிசை கற்றுத்தரப்படுகிறது. குழாய் இடம் மாறிவிட்டதா? அடைத்துக்கொண்டதா? நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா? மெஷினிலேயே கோளாறா? மெஷினைக் கழற்றி, கையால் பை அழுத்திக் காற்றுக் கொடுத்துப் பார்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டால் மற்றவற்றில் பாதி தெளிவாகும். சிஸ்டருடைய கைக்கு இதில் பல தெரிந்தவையே. வரிசை தெரிந்தால் பதற்றத்திலும் எதையும் விட்டுவிடமாட்டார். மருத்துவரை ஃபோனில் அழைக்கும்போது, ‘சார், பேஷண்டுக்குச் சரியில்லை’ என்பதற்குப் பதிலாக, எது இல்லை என்று பார்த்தாயிற்று, எது இருக்கலாம் என்று சந்தேகம் என்பதைச் சொல்வார்.

அதனால் லாக் புக்கில் ‘செய்தார்’ என்று டிக் அடித்தால் போதாது. ஒவ்வொரு திறனுக்கும் மூன்று கட்டம் வேண்டும்: அருகிலிருந்து பார்த்தது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்ய ஒப்படைக்கப்பட்டது. மூன்றாவது கட்டத்தில் பெயர் சொல்லி ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு உண்டு என்றால்தான் யாரும் சும்மா போடமாட்டார்கள்.

அடுத்தது ரவுண்ட்ஸ். நம் வார்டுகளில் செவிலியர் கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நிற்பார். நோயாளியோடு எட்டு மணி நேரம் இருந்தவர் அவர். பேசுபவர் காலையில் வந்த பயிற்சி மருத்துவர். உயர்நிலைப் பயிற்சியில் செவிலியர் முன்னால் வந்து, தன் நோயாளியைத் தானே எடுத்துரைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் தயக்கம் இருக்கும். ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழும் கலந்து சொல்லட்டும். என்ன நினைக்கிறார் என்பது வெளியே வருவதுதான் முக்கியம். இந்தத் தயக்கத்தை உடைக்காத பயிற்சி எத்தனை மணி நேரம் நடந்தாலும் வீண்.

படிப்பு நேரம் பற்றியும் கண்டிப்பு வேண்டும். நைட் டியூட்டி முடித்தவரைக் காலை ஒன்பது மணி வகுப்பில் உட்காரவைப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது. டியூட்டி ரோஸ்டரிலேயே வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அந்த நாளில் வார்டில் ஆள் குறைந்தாலும் அவரைக் கூப்பிடக் கூடாது. செவிலியரில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தையை விட்டுவிட்டு இரண்டாண்டு வேறு ஊரில் தங்கிப் படி என்பது அவர்களில் பலருக்கு வாசலை மூடுவதற்குச் சமம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த ஊர்கள் அமைந்த ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலேயே கற்க வழியிருக்கும்போது ஊரைவிட்டுப் போகச் சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

5. அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும்

1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் அதன் விதிகளும் மருந்துச் சீட்டு எழுதும் உரிமையைப் பதிவு பெற்ற மருத்துவருக்கே தருகின்றன. இரண்டாண்டு ரெசிடென்சி முடித்த நர்ஸ் பிராக்டிஷனரும் மருத்துவமனை வகுத்த நிலையாணைக்குள்தான் மருந்து கொடுக்க முடியும். நிலையாணை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். நிர்வாகம் மாறினால் மறைந்தும் போகும். எழுத்தில் இல்லாத அதிகாரம் நல்ல நாளில் நம்பிக்கை, கெட்ட நாளில் குற்றச்சாட்டு. நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாய்மொழியாக ‘நீங்களே பாத்துக்கங்க சிஸ்டர்’ என்று சொன்னவர் அந்தச் சொல்லுக்குச் சாட்சியாக வரமாட்டார்.

மறுபுறம், அரசு தன் திட்டங்களில் செவிலியரை எவ்வளவு நம்புகிறது என்று பாருங்கள். 2018இல் தொடங்கிய நலவாழ்வு மையங்களில் ஆறு மாதச் சமுதாய நலப் படிப்பு முடித்த செவிலியர்கள் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தப்பட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோயாளிக்கும் ரத்த அழுத்த நோயாளிக்கும் வீட்டு வாசலில் மருந்து போகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் தன்னார்வலர்கள், இடைநிலைப் பணியாளர்கள், நோய்தணிப்புச் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள். 2024இல் ஐ.நா. விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. வேலையை நம்பி ஒப்படைக்கும் அரசு, அதற்குரிய நிரந்தரப் பதவியையும் எல்லை வகுத்த அதிகாரத்தையும் ஒப்படைக்கத் தயங்குகிறது.

நான் கேட்பது வரம்பற்ற அதிகாரத்தை அல்ல. ஒரு பட்டியல் போதும். எந்த மருந்துகளைத் தானே தொடங்கலாம், எவற்றைத் தொடரலாம், எந்தப் பரிசோதனைகளை எழுதலாம், எந்த அறிகுறி வந்தால் மருத்துவரைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று துறைவாரியாக மாநில அளவில் ஒரே பட்டியல். சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டத்தை இயற்றியது 1926இல். நூறாண்டுக்கு முன் பதிவை எழுத்தில் கொடுத்த மாநிலம், இப்போது அதிகாரத்தை எழுத்தில் கொடுக்கலாம். 1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் தேசியச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. இந்தப் பட்டியலுக்கு இடம் அந்தச் சட்டத்தின் கீழ் வகுக்கும் ஒழுங்குமுறைகளில்தான்.

6. செலவு யாருடையது?

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே உதவும். அங்கே 2017இல் பெரிய நிறுவனங்களின் சம்பளச் செலவில் 0.5 விழுக்காட்டைத் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான வரியாக வாங்கத் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனைகளும் கட்டின. கட்டிய பணத்தைப் பயன்படுத்த உயர்நிலைப் பணிக்கு முதுநிலை அப்ரண்டிஸ்ஷிப் வந்தது: அனுபவமுள்ள செவிலியர், துணைமருத்துவப் பணியாளர், இயன்முறை மருத்துவர் முழுச் சம்பளத்தோடு ஏறக்குறைய மூன்றாண்டு பணியிடத்திலேயே படித்து முதுநிலைப் பட்டம் பெறலாம். சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆய்வு என்ற நான்கும் பாடம். நல்ல ஏற்பாடு. ஆனால் 2026 ஜனவரி முதல் அந்த நிலைப் படிப்புகளுக்கான வரிப்பணம் புதிதாகச் சேரும் 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கே என்று சுருக்கிவிட்டார்கள். பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியர் எந்த நாட்டிலும் அந்த வயதில் இருக்கமாட்டார்.

நம் தொழிற்பழகுநர் சட்டமும் உதவித்தொகைத் திட்டமும் படிப்பை முடித்து வெளியே வரும் இளைஞரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை இழுத்துச் செவிலியருக்குப் பொருத்த வேண்டியதில்லை. அனுபவமுள்ளவருக்கு வேண்டியது ஸ்டைபெண்ட் அல்ல, சம்பளம் நிற்காமல் வருவது. ஆலைகள் தங்கள் ஓ.எச்.சி. செவிலியரை அனுப்பும்போது அந்தச் செலவைப் பயிற்சிச் செலவாகவே ஏற்க வேண்டும். சொந்த ஊழியருக்குச் செய்வது கம்பெனிகள் சட்டத்தின்படி சமூகப் பொறுப்புச் செலவாகாது. ஆனால் லாபத்தில் 2 விழுக்காடு ஒதுக்கும் அந்தச் சமூகப் பொறுப்பு நிதியை வைத்து, அரசு மருத்துவமனைச் செவிலியர் பயிற்சிக்குப் போகும் காலத்தில் மாற்று ஆள் சம்பளத்தைத் தரலாம். மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. இதே ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டவர் போய்ச் சேரும் ஐ.சி.யு.வில் தேர்ந்த செவிலியர் இருப்பது ஆலைகளுக்கும் நன்மைதான். அடிபடுவோரில் அவர்களுடைய தொழிலாளரும் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பயிற்சியாளர் என்ற பெயரில் நிரந்தர வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்குகிறார்கள் என்பது இந்தத் தொழிற்பேட்டைகளில் பழைய மனக்குறை. அது மருத்துவமனைக்குள் வரக் கூடாது. பயிற்சியில் இருப்பவரை ஆள்கணக்கில் சேர்த்து ரோஸ்டரை நிரப்பும் மருத்துவமனைக்குப் பயிற்சி மைய அங்கீகாரத்தை ரத்து செய்ய வேண்டும்.

7. ‘அரை டாக்டர்’ என்ற அச்சம்

மருத்துவர்கள் தரப்பில் நியாயமான கவலை ஒன்று இருக்கிறது. எம்.பி.பி.எஸ். அல்லாத குறுகிய படிப்போடு உரிமம் பெற்ற பழைய எல்.எம்.பி. மருத்துவர்களை நினைவுபடுத்துகிறார்கள். 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு ஒரே தரமான அடிப்படை மருத்துவர்தான் வேண்டும் என்று பரிந்துரைத்து அந்தப் படிப்புக்கு முடிவு கட்டியது. குழுவிலேயே சிலர் மாறுபட்டார்கள். 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்ட மசோதாவின் 32ஆம் பிரிவு மருத்துவர் அல்லாதவருக்கும் வரம்புக்குட்பட்ட உரிமம் தர வழி செய்தபோது, இந்திய மருத்துவச் சங்கம் ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது.

அந்தக் கவலையை ஏற்றுக்கொண்டே பதில் சொல்கிறேன். 32ஆம் பிரிவு யார், எவ்வளவு பயிற்சி என்பதைத் தெளிவாக்காமல் உரிமத்தைப் பற்றிப் பேசியது. எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை. நான் சொல்வது அதன் மறுபக்கம்: முதலில் அனுபவம், பிறகு மேற்பார்வையில் இரண்டாண்டு, பிறகு தேர்வு, கடைசியில்தான் எல்லை வகுத்த அதிகாரம். இப்படித் தேறிய செவிலியர் மருத்துவருக்குப் பதிலாக வருபவர் அல்ல, குழுவுக்குள் பொறுப்பேற்பவர். ஆரம்பநிலைச் சிகிச்சையில் மருத்துவர் செய்யும் வேலையைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்தால் என்ன ஆகும் என்று 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2018இல் வந்தது. நோயாளிகளின் நிலை ஏறக்குறைய சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தது. அவை பெரும்பாலும் வளமான நாடுகளில் நடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே இங்கே தொடங்கும்போதே கணக்கு வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்: செவிலியர் எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார், எத்தனை பேரை அனுப்பியிருக்க வேண்டும், எங்கே தவறியது என்று மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மருத்துவர்களின் அச்சம் தீர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அவையோரே, மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

அரசுக்கு: நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தனிப் பதவி வரிசையை, சம்பள நிலையோடு உருவாக்குங்கள். மருத்துவருக்குக் கொடுத்ததைப் போலவே செவிலியருக்கும் பணியிலிருந்தபடி படிக்கும் ஒதுக்கீடு கொடுங்கள்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு: தீவிர சிகிச்சைக்கும் பேறுகாலத்துக்கும் இருப்பதைப் போலத் தொழில்சார் உடல்நலத்துக்கும் ஒரு செவிலிய ரெசிடென்சியை வகுத்து, அதை முதலில் இந்த வட்டாரத்தில் நடத்துங்கள். நோயாளியும் ஆலையும் மருத்துவக் கல்லூரியும் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் இடம் இது.

மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் செவிலியருக்கு: புதிய ஆணையத்தின் ஒழுங்குமுறைகளுக்கு வரைவு வெளியாகும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். மருத்துவர் சங்கங்கள் தவறாமல் எழுதும். எழுதுவது அவர்கள் உரிமை. நீங்களும் எழுதுங்கள். இரவு ஷிஃப்டில் தனியாக எடுத்த முடிவுகளை, நோயாளியின் பெயர் இல்லாமல், ஒன்றிரண்டு எடுத்துக்காட்டாகச் சேர்த்துத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். உங்கள் வேலை என்ன என்பதை உங்களைக் கேட்காமல் மற்றவர்கள் எழுதிய காலம் போதும்.